செயற்கைக்கோள் நீராவிப் படிமங்களை வாசித்தல்: லெஹர் புயலை முன்வைத்து

முன்னுரை

கட்புலப் படிமமும் வெப்ப அகச்சிவப்புப் படிமமும் மேகம் உள்ள இடத்தைக் காட்டுவன. மேகமற்ற வெளியிலும் காற்றின் போக்கை உணர்த்துவது நீராவிப் படிமம். 1977 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் மெட்டியோசாட்-1, புவிநிலைப் பாதையிலிருந்து இத்தகைய படிமங்களை முதன்முதலில் அளித்தது. இந்தியாவின் கல்பனா-1 (2002), இன்சாட்-3டி (2013), இன்சாட்-3டிஆர் (2016) ஆகியவற்றிலும் நீராவி அலைவரிசை இடம்பெற்றது. ஆயினும் ‘நீராவிப் படிமம்’ என்னும் பெயரே பிழையான வாசிப்புக்கு இடந்தருகிறது. அப்படிமம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படிமம் உருவாகும் முறை

நீராவி, 6 முதல் 7 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை வலுவாக உட்கவர்கிறது. தரையிலிருந்தும் தாழ்ந்த அடுக்குகளிலிருந்தும் எழும் இக்கதிர்களை மேலுள்ள நீராவி தடுத்துவிடுகிறது. செயற்கைக்கோளை அடைவன பெரும்பாலும் ஏறத்தாழ 5 முதல் 10 கி.மீ. உயரத்தில் வெளிப்படும் கதிர்களே. எனவே கருவி நேரடியாக அளப்பது ஈரத்தின் அளவை அன்று. கதிர் வெளியிடும் அடுக்கின் வெப்பநிலையையே. மேலடுக்கில் ஈரம் மிகுந்தால் கதிர் குளிர்ந்த உயரத்திலிருந்து வருகிறது. அப்பகுதி வெண்மையாகத் தோன்றும். ஈரம் குறைந்தால் தாழ்ந்த, வெப்பமான அடுக்கிலிருந்து வருகிறது. அப்பகுதி கருமையாகத் தோன்றும்.

கருமையின் பொருள்

வளிமண்டல நீராவியின் பெரும்பகுதி தரையை ஒட்டிய சில கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனை இப்படிமம் பெரும்பாலும் காண்பதில்லை. கடற்காற்றால் புழுக்கம் மிகுந்த கோடைநாளிலும் சென்னைக்கு மேலுள்ள பகுதி கரியதாகத் தோன்றக்கூடும். கருமை என்பது மேலடுக்கின் வறட்சியே அன்றித் தரையின் வறட்சி அன்று. அதுபோலவே, அடர்ந்த உயர்மேகம் உள்ள இடத்தில் படிமம் மேகத்தின் உச்சியை மட்டுமே காட்டும்.

லெஹர் புயல்

2013 நவம்பரில் அந்தமான் தீவுகளைக் கடந்த லெஹர், வங்கக்கடலில் மிகத் தீவிரப் புயலாக வலுப்பெற்றது. எனினும் கடலிலேயே விரைவாக வலுவிழந்து, நவம்பர் 28 அன்று மசூலிப்பட்டினம் அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகக் கரையைக் கடந்தது. வறண்ட காற்றின் ஊடுருவல், உயரத்திற்கேற்பக் காற்றின் வேகமும் திசையும் மாறுபட்டமை, கடலின் வெப்ப ஆற்றல் குறைந்தமை ஆகியன இதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இவற்றுள் நடு, மேல் அடுக்குகளில் நுழையும் வறண்ட காற்றை நீராவிப் படிமம் புயலை நோக்கி நீளும் கரிய பட்டையாகக் காட்டவல்லது. அடுத்தடுத்த படிமங்களில் ஈரத்தின் நகர்வைத் தொடர்ந்து மேலடுக்குக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்க இயலும். கடலின் வெப்ப ஆற்றலையோ தாழ்ந்த அடுக்கின் ஈரத்தையோ இப்படிமம் காட்டாது. கரிய பட்டையை மட்டும் நம்பிப் புயல் தளரும் எனக் கணித்தால், கரையோர மக்களுக்கான எச்சரிக்கை உரிய காலத்திற்கு முன்பே தளர்த்தப்படக்கூடும்.

முடிவுரை

நீராவிப் படிமம் நடு, மேல் அடுக்குகளின் இயக்கத்தை அறியச் சிறந்த கருவியாகும். பலூன் வழி அளவீடுகள், கடல் வெப்பத் தரவுகள், பிற அலைவரிசைப் படிமங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு வாசிக்கும்போதே அது நம்பத்தகுந்த முன்கணிப்புக்குத் துணைநிற்கும்.