6174 காட்டும் வழி

பள்ளி மாணவருக்குக் கணித ஆய்வுத் தலைப்பு தேடும்போது பலரும் ரீமான் கருதுகோள் போன்ற பெரிய பெயர்களில் சிக்கிக்கொள்கிறார்கள். எளிதாகக் கேட்கக்கூடிய, ஆழமாகத் தோண்டக்கூடிய கேள்வியே நல்லது.

தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் 1949-இல் சென்னைக் கணித மாநாட்டில் முன்வைத்தது அப்படிப்பட்டது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழியுங்கள். விடைக்கும் அப்படியே செய்யுங்கள்; இலக்கம் குறைந்தால் முன்னால் 0 சேர்த்துக்கொள்ளுங்கள். 3524 எடுத்தால் 3087, 8352, பிறகு 6174! எந்த எண்ணும் ஏழு படிகளுக்குள் அங்கே வந்து நின்றுவிடும்.

மூன்று இலக்கத்தில் 495. ஐந்து இலக்கத்தில் சுழற்சிகள்தான். ஏன்?

கணினியில் ஓட்டிப் பார்ப்பது பாதி வேலை; நிறுவுவதே கணிதம். மூன்று இலக்கத்தில் கிடைக்கும் வித்தியாசம் எப்போதும் 99-இன் மடங்கு. மாணவரிடம் முதலில் அதை நிறுவச் சொல்லுங்கள்.