பட்டைப் பேனாவின் நகரம்

ஹேக் என்ற பெயரை நம் பத்திரிகை வாசகர்கள் பெரும்பாலும் சர்வதேச நீதிமன்றத்தோடு சேர்த்தே அறிவார்கள். நெதர்லாந்தின் தலைநகரம் என்ற பட்டம் ஆம்ஸ்டர்டாமுக்கு இருக்க, பார்லிமெண்டும் மந்திரிகளின் காரியாலயங்களும் தூதராலயங்களும் ஹேக்கில் இருக்கின்றன. சித்திரத்தையும் சங்கீதத்தையும் தேடி வரும் யாத்ரிகர்கள் ஆம்ஸ்டர்டாமில் இறங்கிவிட, கோப்புகளைக் கையில் ஏந்தியவர்கள் மட்டுமே ஹேக்குக்குப் போவார்கள் என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் எழுத்துருக்களை, அதாவது கம்ப்யூட்டரில் நாம் ‘ஃபாண்ட்’ என்று சொல்லும் அந்தச் சாதனத்தைச் சிருஷ்டிக்கும் மனிதர்களுக்கு, அந்த ஊர் ஒரு க்ஷேத்திரம். பெரிய கம்பெனிகளின் சம்பளத்துக்குக் கட்டுப்படாமல், தனியாகவோ இரண்டொருவராகச் சேர்ந்தோ எழுத்துருக்களை வரைந்து, தாமே விற்று ஜீவிக்கும் கலைஞர்கள் இத்தனை பேர் அப்படியொரு சர்க்கார் ஊரில் தோன்றியதற்குக் காரணம் என்ன?

எளிதில் கிடைக்கும் விடை, கம்ப்யூட்டர் என்பது. ஈய எழுத்தின் காலத்தில் ஒரு புதிய எழுத்து வகையைக் கொண்டுவர வேண்டுமானால், ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வோர் எழுத்தையும் எஃகுத் தண்டின் நுனியில் இடவலம் மாறச் செதுக்கி, அதைத் தாமிரத்தில் அறைந்து குழி உண்டாக்கி, அந்தக் குழியில் ஈயக் கலவையை உருக்கி வார்க்க வேண்டியிருந்தது. 1703 முதல் ஹார்லெம் நகரில் நடந்துவந்த என்ஸ்கெடே போன்ற பெரும் ஸ்தாபனங்களுக்கே அது சாத்தியம். 1984-இல் மாக்கிண்டாஷும், அடுத்த ஆண்டில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் இயங்கும் லேசர் அச்சுப்பொறியும் வந்த பிறகு, மேஜையும் யந்திரமும் உள்ள எவரும் இந்தத் தொழிலில் இறங்கலாம் என்ற நிலை பிறந்தது. வாஸ்தவம்தான். ஆயினும் அந்த யந்திரம் எல்லா நகரங்களிலும்தான் விற்பனையாயிற்று. ஆகவே ஹேக்கின் விசேஷத்துக்குக் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

எழுத்தைப் பற்றிய கவலை அந்த ஊருக்குப் பழையது. டச்சுத் தபால் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்த யான் ஃபிரான்ஸ்வா வான் ராயென் என்பவர், சர்க்கார் அச்சிடும் காகிதங்கள் அவலட்சணமாக இருக்கின்றன என்று 1912-இலேயே பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். நம் சர்க்கார் படிவங்களை நிரப்பிப் பழகியவர்கள் இதை வாசித்துப் பெருமூச்சு விடக்கூடும். அங்கே விசித்திரம் என்னவென்றால், அப்படி எழுதியவர் பிற்பாடு அந்த இலாகாவின் பொதுக் காரியதரிசியாகவே உயர்ந்து, தபால் தலைகளையும் படிவங்களையும் கலைஞர்களைக் கொண்டே வரையச் செய்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கைதான அவர் 1942-இல் ஆமர்ஸ்ஃபோர்ட் சிறைமுகாமில் உயிர் நீத்தார்.

ஆனால் உண்மையான வேரை 1682-இல் ஸ்தாபிக்கப்பட்ட ராயல் கலைக் கல்லூரியின் வகுப்பறையில்தான் காணவேண்டும். 1960 முதல் 1990 வரை அங்கே கெரிட் நோர்ட்ஸெய் என்ற ஆசிரியர் எழுத்தைப் போதித்தார். அச்செழுத்து என்பது கையெழுத்திலிருந்து வேறான ஒரு ஜாதி அல்ல, முன்னதாகவே தயாரித்து வைத்த எழுத்துக்களைக் கொண்டு எழுதும் காரியத்துக்கே அச்சுக்கலை என்று பெயர் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகையால் அச்செழுத்து வரைய விரும்பும் மாணவன் முதலில் பேனாவைப் பிடித்து எழுதிப் பழகவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பிடிவாதத்தின் பொருளை வாசகர்கள் வீட்டிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். ஐஸ் குச்சி ஒன்றின் முனையை நேராக வெட்டிப் பட்டைப் பேனாவாக்கி, மையில் தோய்த்து, அந்த முனை காகிதத்தின் வரிக்கு முப்பது டிகிரி சாய்ந்திருக்குமாறு கோணத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டு, ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போல ஒரு வட்டம் போட்டால், கை எந்த முயற்சியும் செய்யாமலே கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். மிக மெலிந்த இடங்கள் வட்டத்தின் உச்சியிலும் அடியிலும் நேராக அமையாமல் சற்றுச் சாய்ந்து நிற்கும். கூர்மையான நிப்பை எடுத்து, கீழே இழுக்கும்போது மட்டும் அழுத்தி எழுதினாலோ, தடிப்பு இரு பக்கங்களிலும் செங்குத்தாக நின்றுவிடும். ஐரோப்பியப் புத்தகங்களில் காணும் பழைய எழுத்து வகைகளுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வகைகளுக்கும் உள்ள பேதம் பெரும்பாலும் இந்த இரண்டு பேனாக்களின் பேதமே என்று நோர்ட்ஸெய் காட்டினார். 1985-இல் வெளிவந்த ‘கோடு’ என்ற பொருள்படும் அவருடைய சிறு நூலில் இன்னொன்றையும் வற்புறுத்தினார்: கறுப்புக் கோட்டைப் பார்ப்பது போலவே, அது சூழ்ந்துகொள்ளும் வெள்ளையையும் பார்க்கவேண்டும், ஒரு சொல்லின் வெள்ளைகள் ஒன்றுக்கொன்று சமனாக நில்லாவிட்டால் எழுத்து எத்தனை அழகாயிருந்தும் பயனில்லை.

இப்படிப் பேனாவையே பிரதானமாகக் கருதிய ஆசிரியரின் மாணவர்கள் கம்ப்யூட்டரைக் கண்டு மிரளுவார்கள் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்ததோ நேர்விரோதம். எரிக் வான் ப்ளாக்லாந்து, யுஸ்ட் வான் ராஸம் என்ற இருவர், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் கோடு இழுக்கச் சொல்லும் கட்டளையையே மாற்றி, ஒவ்வொரு முறை அச்சாகும்போதும் எழுத்தின் மூலைகள் தம் இஷ்டப்படி சற்று நகர்ந்துகொள்ளும்படி ஓர் எழுத்துருவைச் சமைத்தார்கள். ‘பேவுல்ஃப்’ என்ற அந்த எழுத்துருவில் ஒரே பக்கத்தில் வரும் இரண்டு ஆங்கில ‘இ’க்கள் ஒன்றுபோல் இரா. அச்சு யந்திரத்தின் பிரதான தர்மமே ஒரே வடிவைத் திரும்பத் திரும்பத் தருவதுதானே. அந்த தர்மத்தை யந்திரத்தைக் கொண்டே மீறிய இந்தக் குறும்பை நான் பெரிதும் ரசிக்கிறேன். 2011-இல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலை 23 எழுத்துருக்களைத் தன் சேகரத்தில் சேர்த்தபோது இதுவும் ஒன்றாயிற்று. யுஸ்டின் தமையனார் கைடோ வான் ராஸம்தான் ‘பைத்தான்’ என்ற கணினி மொழியைப் படைத்தவர். அண்ணனின் மொழியைத் தம்பியும் நண்பர்களும் எழுத்து வரையும் மென்பொருளுக்குள் புகுத்திவிட, எழுத்துரு வடிவமைப்பவர் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே நிரல் எழுதிச் செய்துகொள்ளும் வழக்கம் ஹேக்கிலிருந்து உலகெங்கும் பரவிற்று. அதே வகுப்பில் பயின்ற லூகாஸ் டி க்ரூட்டின் கைவண்ணம் நம் காரியாலயங்கள்தோறும் நுழைந்திருக்கிறது: 2007 முதல் பல ஆண்டுகள் மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்தவுடன் எதிர்ப்பட்ட ‘கலிப்ரி’ அவருடையது.

சுதந்திரமாகத் தொழில் செய்வதன் லாப நஷ்டத்துக்குப் பீட்டர் பிலாக்கின் கதை ஒன்று போதும். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து ஹேக்கில் குடியேறிய இவர், ஒரு ஜெர்மானிய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எழுத்துரு ஒன்றை வரைந்துகொண்டிருக்கையில், அந்தக் கம்பெனியை மற்றொன்று விழுங்கிவிட, வேலை பாதியில் நின்றது. சம்பளக்காரராக இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். இவரோ 1999-இல் தாம் தொடங்கியிருந்த ‘டைப்போதெக்’ மூலமாக அதையே ‘ஃபெத்ரா’ என்ற பெயரில் பூர்த்தி செய்து விற்றார். நாளடைவில் அது பல லிபிகளுக்கும் விரிந்தது. 2009-இல் சத்யா ராஜ்புரோஹித் என்பவரோடு கூடி ஆமதாபாத்தில் ‘இந்தியன் டைப் ஃபவுண்டரி’யையும் நிறுவினார். ஹேக்கின் சங்கிலி இவ்வாறு இந்திய லிபிகளையும் எட்டி, தமிழுக்கும் எழுத்துருக்களைத் தந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். எழுத்தாணியால் ஓலையில் கீறிய நம் எழுத்தில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. கோடு முழுவதும் ஒரே கனம். பிற்காலத்தில் ஈயத்துக்கு மாறியபோது எங்கே தடிக்கவேண்டும், எங்கே மெலியவேண்டும் என்பதைப் பேனா தீர்மானிக்கவில்லை, அச்சு வெட்டியவரின் உளியே தீர்மானித்தது. ஆகவே பட்டைப் பேனாவின் கணக்கை அப்படியே ‘ழ’வின் மீதும் ‘ஞ’வின் மீதும் ஏற்றுவது தகாது. வெள்ளையைப் பார்க்கவேண்டும் என்ற அந்த ஆசிரியரின் மற்றைய பாடமோ நமக்கு முழுவதும் பொருந்தும். ‘ணை’, ‘னை’ போன்றவற்றின் சுழிகளுக்குள் அகப்பட்ட வெள்ளை சிறிய அளவில் அடைபட்டுக் கறுத்துப்போவதைத் தினசரிகளில் நாம் காலம்காலமாகப் பார்த்துக்கொண்டுதானே வருகிறோம்.