சபாரியும் சபராளியும்

ஆப்பிரிக்க வனமிருகங்களைக் காணக் கூட்டமாய்ச் சென்று கூடாரமடித்துத் தங்கும் யாத்திரைக்கு வழங்கும் ‘சபாரி’ என்னும் சுவாகிலிச் சொல், பிரயாணம் எனப் பொருள்படும் அரபு மூலத்தினின்று பிறந்ததாகலின், கடல்கடந்து பொருளீட்டச் செல்பவரைக் காரைக்கால், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் ‘சபராளி’ என்றழைக்கும் வழக்குக்கு அது உடன்பிறப்பேயாகும். இத்தகைய சபாரிக்குப் பேர்போனதும் 1951-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதுமான, இன்றைய தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டியின் விஸ்தீரணம் ஏறத்தாழ 14,750 சதுர கிலோமீட்டர். நம் புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கையும் கூட்டினாலும் அதில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மழையையும் பசும்புல்லையும் பின்தொடர்ந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் அங்கே ஆண்டுதோறும் இடம்பெயர்கின்றன. வேலியற்ற முகாம்களில் இரவு தங்குவோர் கூடாரத்தினுள் தின்பண்டம் வைத்தலாகாது. வாசனையறிந்து கழுதைப்புலி வந்துவிடும்.