களிமண்ணும் கலைக்கூடமும்

திருவருகைக் காலம் நெருங்குகையில், பசுமலைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் வேளார் குடும்பங்களின் திண்ணைகள் பெத்லகேமாக மாறிவிடுகின்றன. நவராத்திரிக் கொலு பொம்மைகளைச் செய்து முடித்த அதே கைகள், இப்போது மாதாவையும் சூசையப்பரையும் இடையர்களையும் மூன்று இராசாக்களையும் வரிசையாக உலர வைக்கின்றன. நம் வீடுகளிலும் ஆலயங்களிலும் எழும் குடில்களுக்கு இவ்வூரின் சுரூபங்கள் வந்து சேர்கின்றன. ஆயினும் ஒரு சுரூபத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதைச் செய்தவர் பெயரைக் காண முடிவதில்லை.

பசுமலையின் மறுபுறம் திருப்பரங்குன்றம். அங்கே 1957-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தியாகராசர் பொறியியற் கல்லூரியில் கட்டடக்கலையும் கற்பிக்கப்படுகிறது. கட்டடக்கலை பயிலும் மாணவரின் வரைபடம் சுவரில் ஏறும்போது, அதன் ஓரத்தில் அவருடைய பெயரும் ஏறுகிறது. ஒருபுறம் பெயரற்ற படைப்பு. மறுபுறம் பெயர் தாங்கிய படைப்பு. இவ்விரண்டிற்கும் இடையே வாழும் நாம், கல்லூரிகளில் நடைபெறும் கலைக் கண்காட்சிகளால் நம் குடும்பங்களுக்கு ஆவது என்ன என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

சுவரில் ஏற்றுவது ஏன்?

மற்றப் பாடங்களில் மாணவர் எழுதிய விடைத்தாளைத் திருத்துபவர் ஒருவரே காண்பார். கலையிலும் கட்டடக்கலையிலும் நிலைமை வேறு. மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் பொருத்தி, அட்டையிலும் மரத்திலும் செய்த மாதிரி வடிவத்தை மேசைமீது வைத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் நின்று விளக்கவேண்டும். "இந்தச் சாளரம் ஏன் மேற்கே திறக்கிறது? முதியவர் இப்படியில் எவ்வாறு ஏறுவார்? மழைநீர் எவ்வழி வடியும்?" என்று கேள்விகள் எழும். விடை சொல்ல இயலாத இடத்தில் வரைபடம் மாறியாகவேண்டும். கையிலிருக்கும் வரை படைப்பு நமக்கே உரியது. சுவரில் ஏறிய பின்னரோ அது பிறர் கண்களுக்கும் உரியதாகிறது. தன் உழைப்பைப் பிறர் முன் வைத்து, குறை கேட்டு, மனம் உடையாமல் மீண்டும் தொடங்கும் இப்பயிற்சி, எந்தத் தொழிலுக்கும் ஏற்றதன்றோ!

சென்னை காட்டும் சான்று

நம் மாநிலத்தில் இம்மரபுக்கு நெடிய வரலாறு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினா கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1957 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கிறிஸ்துவின் வாழ்வைத் தம் ஓவியங்களில் பன்முறை தீட்டிய அல்போன்சோ அருள்தாஸ் அங்கே பயின்று, பின்னர் அக்கல்லூரிக்கே முதல்வராகவும் விளங்கினார்.

ஓவியத்தால் வயிறு நிறையுமா என்று பெற்றோர் கேட்பர். கேட்கத்தக்க கேள்வியே அது. ராய் சௌத்ரிக்குப் பின் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கரும் அதே கேள்வியைச் சந்தித்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அங்கிருந்த கலைஞர்கள் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் வளர்த்தார்கள். அங்கே கைத்தொழில் கலைக்குச் சோறிட்டது. கலையும் கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணவில்லை.

களிமண் பிசைந்த சிறுவன்

வங்காளத்தின் சாந்திநிகேதன் இதனினும் தெளிவான பாடம் ஒன்றைத் தருகிறது. இரவீந்திரநாத் தாகூர் 1919-இல் அங்கே கலா பவனத்தை நிறுவினார். பாங்குராவைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்து இளைஞர் ஒருவர் 1925-இல் அங்கு வந்து சேர்ந்தார். இளமையில் தம் ஊரில் சிலை செய்வோரிடம் நின்று களிமண் வேலை பழகியவர் அவர். ராம்கிங்கர் பைஜ் என்பது அவர் பெயர். அவர் 1938-இல் சிமெண்டும் செம்மண் கற்களும் கலந்து உருவாக்கிய 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பம், நான்கு சுவருக்குள் அடங்காமல், வளாகத்தின் திறந்த வெளியிலேயே நிற்கிறது. காவடிக் கூடையில் குழந்தையைச் சுமக்கும் தந்தை, மற்றொரு குழந்தையுடன் நடக்கும் தாய், உடன் வரும் நாய் என, பிழைப்புத் தேடிப் புறப்பட்ட எளிய குடும்பத்தை அங்கே காண்கிறோம். 

அதே கலா பவனத்தில் 1973 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் முதல் இரு நாள்களில், ஓவியர் நந்தலால் போஸின் நினைவாக நந்தன் மேளா நடைபெற்று வருகிறது. மாணவரும் ஆசிரியரும் தங்கள் கைவண்ணங்களை எளியோரும் வாங்கக்கூடிய விலைக்குத் தருகின்றனர். அதில் வரும் தொகை மாணவர் நலநிதிக்குச் சேர்கிறது. படைப்பைக் காட்டுவது பெருமைக்காக மட்டுமன்று, பகிர்தலுக்காகவும்தான் என்பதை இம்மேளா உணர்த்துகிறது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பாங்குராவின் களிமண்ணிலிருந்து ஒரு ராம்கிங்கர் எழுந்தார் என்றால், விளாச்சேரியின் களிமண்ணிலிருந்து ஒருவர் ஏன் எழக்கூடாது? திறமை அங்கே இருக்கிறது. அது கலைக்கூடம் சேரும் வழியையே நாம் அமைத்துத் தரவேண்டும். வழி இல்லையேல், கைத்திறமுள்ள பிள்ளை அதனைக் குறையென எண்ணிக் கைவிடுவான். நாமோ அடுத்த தலைமுறையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சுரூபங்களையே குடிலில் வைப்போம்.

நாம் செய்யத்தக்கவை

கல்லூரியில் கண்காட்சி என்று அறிந்தால் குடும்பத்தோடு செல்வோம். "எவ்வளவு அழகு!" என்று சொல்லி நகர்ந்துவிடாமல், படைத்தவரிடம் ஒரு கேள்வியேனும் கேட்போம். கட்டடத்தின் வரைபடம் புரியவில்லை என்று பிள்ளைகள் தயங்கினால், கூரையை நீக்கிவிட்டு மேலிருந்து பார்ப்பது தளப்படம் என்றும், பழத்தை இரண்டாக அரிந்து உள்ளே பார்ப்பது போன்றது வெட்டுப்படம் என்றும் சொல்லித் தருவோம்.

வரைவதில் நாட்டமுள்ள பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் வழிகாட்டுவோம். கவின்கலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி மரபுச் சிற்பத்தைப் போதிக்கிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இவ்வாசல்கள் உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, கல்லூரிகளில் பணியாற்றும் நம் பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கண்காட்சியின்போது விளாச்சேரி வேளார் ஒருவரையும் அழைத்து, அவர் படைப்புக்கும் ஓர் இடம் கொடுங்கள். அதன் கீழே அவர் பெயரை எழுதி வையுங்கள். சந்திப்புக் கூடாரத்தின் வேலைகளைச் செய்த பெட்சலேலின் பெயரையும், தந்தையின் பெயரையும், குலத்தையும் விடுதலைப் பயண நூல் மறவாமல் பதிந்து வைத்திருக்கிறது. மறைநூலே கைவினைஞரைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போது, நாம் பெயரை விட்டுவிடுதல் தகுமோ?

இவ்வாண்டு சுரூபம் வாங்கும்போது, விலையைக் கேட்குமுன் செய்தவர் பெயரைக் கேட்போம். ஒரு சிறு அட்டையில் எழுதிக் குடிலருகே வைப்போம். நம் இல்லத்துக் குடிலே அக்கைகளுக்கு முதற் கலைக்கூடமாகட்டும்.