செடிக் கூடாரமும் சிபியு பெட்டியும்: வெப்பத்தை வெளியேற்ற ஒரே கணக்கு

செடி வளர்க்கும் கூடாரத்துக்கும் உங்கள் மேஜையடியில் இருக்கும் சிபியு பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இரண்டும் மூடிய பெட்டிகள்தான். இரண்டுக்குள்ளும் மின்சாரம் போகிறது. போன மின்சாரம் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற இரண்டுக்கும் ஃபேன் வேண்டும். ஒன்றில் தவறினால் கம்ப்யூட்டர் தானாக நின்றுபோகும். இன்னொன்றில் தவறினால் ஒரே இரவில் நாற்றுகள் சாய்ந்துவிடும்.

நான் கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகில் வசிக்கிறேன். இங்கே மழைக்காலத்தில் நாள் கணக்கில் பனிமூட்டமும் தூறலும் இருக்கும். திறந்த வெளியில் போட்ட தக்காளி, மிளகாய் விதைகள் முளைக்கும். ஆனால் ஈரம் தாங்காமல் நாற்றழுகல் நோய் வந்து தண்டு அடியில் நைந்து விழும். அதனால் வீட்டின் ஒரு அறையில் 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 140 செ.மீ. உயரமுள்ள துணிக் கூடாரம் ஒன்றில் எல்.இ.டி. விளக்கு கட்டி நாற்று வளர்க்கிறேன். 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகள் இரண்டு இதில் அடங்கும். அதாவது 196 நாற்றுகள். இதற்குக் காற்றோட்டம் தருவது கம்ப்யூட்டர் கேபினட்டில் மாட்டும் 120 மி.மீ. ஃபேன்தான். அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். கூடாரம் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும். இதே கணக்கு உங்கள் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

ஃபேன் குளிர வைக்காது

முதலில் ஒரு விஷயத்தை மனதில் கொள்ளுங்கள். ஃபேன் என்பது ஏர் கண்டிஷனர் அல்ல. உள்ளே இருக்கும் சூடான காற்றை எடுத்து வெளியே போடுவது மட்டும்தான் அதன் வேலை. அந்த இடத்துக்கு அறைக் காற்று வந்து சேரும். ஆகவே எத்தனை ஃபேன் மாட்டினாலும் ஃபேனால் மட்டும் கூடாரத்தின் வெப்பநிலையை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 38 டிகிரி என்றால் கூடாரம் 38-க்கு மேல்தான் இருக்கும். சிபியு பெட்டிக்கும் இதே கதைதான். அதனால் ஃபேன் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் மலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். நாமக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டரில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் 1000 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். கீழே இருப்பவர்களுக்கு வெப்பம்தான் பிரச்சினை. எங்களுக்கு ஈரம்தான் பெரிய பிரச்சினை.

எவ்வளவு வெப்பம் வருகிறது?

விளக்கின் வாட் எண்ணிக்கைதான் விடை. 60 வாட் விளக்கு என்றால் கூடாரத்துக்குள் ஏறக்குறைய 60 வாட் வெப்பம். ஒளியாக வருவதும் இலையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாகத்தான் மாறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில எல்.இ.டி. விளக்குகளின் அட்டைப் பெட்டியில் 1000 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். உண்மையில் அது இழுக்கும் மின்சாரம் 100 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். பின்பக்க லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் உண்மையான வாட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டி தனியாக இருந்தால் அதைக் கூடாரத்துக்கு வெளியே வையுங்கள். விளக்கின் வெப்பத்தில் ஒரு பகுதி அதிலிருந்துதான் வருகிறது. காசு செலவில்லாமல் வெப்பத்தைக் குறைக்கும் வழி இது.

எவ்வளவு காற்று வேண்டும்?

கம்ப்யூட்டர் ஃபேனின் பெட்டியில் சி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். ஒரு நிமிடத்தில் அந்த ஃபேன் எத்தனை கன அடி காற்றைத் தள்ளும் என்பதுதான் அது. தேவையான சி.எஃப்.எம். அளவைக் கண்டுபிடிக்க எளிய சூத்திரம் இருக்கிறது. வாட்டை 1.76-ஆல் பெருக்கி, அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருந்தால் பரவாயில்லையோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

ஆனால் இந்த 1.76 கடல் மட்டத்துக்கான எண். மலையில் காற்று மெலிது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூன் போல உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். 1200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 12 சதவிகிதம் குறைவு. ஃபேன் அதே கன அடிக் காற்றைத்தான் தள்ளும். ஆனால் அந்தக் காற்று சுமந்து செல்லும் வெப்பம் குறைவு. ஆகவே கொல்லிமலையில் 1.76-க்குப் பதிலாக 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் சுலபமாகிவிடும்.

60 வாட் விளக்கு. அறையைவிட 3 டிகிரி மட்டும் கூடலாம். அப்படியானால் 2 x 60 / 3 = 40 சி.எஃப்.எம். வேண்டும். செடிகள் ஆவியாக்கும் நீரும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எனவே உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் போட்டுப் பாருங்கள். 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், பெட்டிக்குள் 10 டிகிரி கூடலாம் என்றால், மலையில் 30 சி.எஃப்.எம். சமவெளியில் 26 போதும்.

கணக்கை எக்செலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ போடலாம். ஏ1 செல்லில் வாட், பி1 செல்லில் டிகிரி வித்தியாசம் என்று எண்களைக் கொடுங்கள். சி1 செல்லில் =2*ஏ1/பி1 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டவும்.) இனி எண்களை மாற்றினால் விடை தானாக மாறும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண் எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. வலை, குழாய், வளைவு எல்லாம் வந்தால் பாதி கிடைப்பதே பெரிது. 40 வேண்டுமென்றால் 80 என்று போட்ட ஃபேன் வாங்குங்கள். அல்லது 40 போட்ட இரண்டு ஃபேன்களைப் பக்கம் பக்கமாக மாட்டுங்கள்.

காற்று எந்த வழியில் போக வேண்டும்?

சூடான காற்று மேலே ஏறும். எனவே ஃபேன் கூடாரத்தின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். காற்று நுழையும் வழி எதிர்ப்பக்கத்தில் கீழே இருக்க வேண்டும். ஃபேன் உள்ளே ஊதக் கூடாது. வெளியே இழுக்க வேண்டும். அப்போதுதான் புதுக்காற்று கீழிருந்து செடிகளைத் தொட்டுக்கொண்டு மேலே போகும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இந்தப் பாடம் உண்டு. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பில் முதலில் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து பிராசசர் மீது ஊத வேண்டும் என்று இருந்தது. அது சரிவரவில்லை. பிறகு காற்றை வெளியே தள்ளும் முறையே நிலைத்தது.

கவனிக்க வேண்டியவை:

1. ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

2. காற்று நுழையும் வழி, வெளியேறும் வழியைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். 120 மி.மீ. ஃபேனுக்கு 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் இரண்டு வலைச் சன்னல்கள் போதும்.

3. ஃபேன் ஓடும்போது கூடாரத் துணி லேசாக உள்வாங்க வேண்டும். அப்படியென்றால் காற்று சரியாகப் போகிறது. மிக அதிகமாக ஒட்டினால் கீழ்ச் சன்னலைப் பெரிதாக்குங்கள்.

4. உள்ளேயே காற்றைச் சுழல விடும் சிறு ஃபேன் தனி வேலைக்கு. அது இலை மேல் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். வெப்பத்தை வெளியேற்றாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

விண்வெளியில் பூத்த ஜின்னியா

காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு விண்வெளியிலிருந்து ஓர் உதாரணம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2014-இல் நாசா 'வெஜ்ஜி' என்ற சிறிய செடி வளர்ப்புப் பெட்டியை அனுப்பியது. எல்.இ.டி. விளக்கு, சுருங்கி விரியும் பக்கச் சுவர், ஒரு ஃபேன், அவ்வளவுதான். 2015 ஆகஸ்டில் வீரர்கள் அதில் விளைந்த லெட்யூஸ் கீரையைச் சாப்பிட்டார்கள். அடுத்து ஜின்னியா வளர்த்தபோது பெட்டிக்குள் ஈரம் கூடி, இலைகளில் பூஞ்சணம் பிடித்தது. ஃபேன் வேகத்தைக் கூட்டி, பாதித்த பகுதிகளை வெட்டி எறிந்தார்கள். மிஞ்சிய செடிகளை வீரர் ஸ்காட் கெல்லி பார்த்துக்கொண்டார். 2016 ஜனவரியில் பூ மலர்ந்தது. அங்கே எடையற்ற நிலையில் சூடான காற்று தானாக மேலே ஏறாது. ஃபேன் நின்றால் காற்றும் நிற்கும்.

விளக்கை எப்போது போடுவது?

மலைவாசிகளுக்கு இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். பெரிய ஃபேன் வாங்குவதைவிட விளக்கு எரியும் நேரத்தை மாற்றுவது அதிகப் பலன் தரும்.

நாற்றுக்கு ஒரு நாளில் 14 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கலாம். அது பகல் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூடிய கூடாரத்துக்குள் செடிக்கு விளக்கு எரிந்தால் பகல். ஆகவே மாலை 6 மணிக்குப் போட்டு காலை 8 மணிக்கு அணையுங்கள். ஒரு டைமர் பிளக் இதைச் செய்துவிடும்.

இதில் லாபம் என்ன? இரவில் அறைக் காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 95 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். இதே காற்று கூடாரத்துக்குள் வந்து 5 டிகிரி சூடாகி 23 ஆனால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 70 சதவிகிதமாக இறங்கிவிடும். நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்று அதிக நீரைத் தாங்கும், அவ்வளவுதான். செடியும் மண்ணும் விடும் ஈரம் இதனுடன் கொஞ்சம் சேரும். அப்படியும் இலையில் பனி படியாது. ஆக, இரவில் விளக்கின் வெப்பம் நமக்கு எதிரி அல்ல, நண்பன். 5 டிகிரி கூட விடுவதால் ஃபேனும் மெதுவாக ஓடினால் போதும். 2 x 60 / 5 = 24 சி.எஃப்.எம்.

விளக்கைப் பகலில் எரித்தால் இது தலைகீழாகிவிடும். மதிய வெயிலோடு விளக்கின் வெப்பமும் சேரும். இரவில் விளக்கு அணைந்து, கூடாரம் குளிர்ந்து, சுவரில் நீர் முத்து முத்தாக நிற்கும். நாற்றழுகல் நோய்க்கு இது விருந்து.

60 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் 0.84 யூனிட். மாதத்துக்குச் சுமார் 25 யூனிட்.

ஃபேனுக்கு மின்சாரம்

கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடும். பழைய மோடத்தின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். கறுப்பு ஒயர் மைனஸ். சிவப்பு ஒயர் பிளஸ். சில ஃபேன்களில் பிளஸ் ஒயர் மஞ்சளாக இருக்கும். மூன்றாவது ஒயர் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்வதற்கு. அதை விட்டுவிடலாம். நிறம் குழப்பினால் ஃபேனுடன் வந்த தாளைப் பாருங்கள். வேகத்தைக் குறைக்க 9 வோல்ட் அடாப்டர் போடலாம். பெரும்பாலான 12 வோல்ட் ஃபேன்கள் அதிலும் ஓடும். வீட்டு சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை இதில் இணைக்கவே கூடாது.

வெப்பம் கூடினால் ஃபேனைத் தானாக ஓட்டும் தெர்மோஸ்டாட் போர்டுகள் கிடைக்கின்றன. வெப்பம் குறைந்ததும் அவை ஃபேனை முழுவதும் நிறுத்திவிடும். மலையில் அது ஆபத்து. ஒரு சிறு ஃபேன் 24 மணி நேரமும் மெதுவாக ஓடட்டும். இரண்டாவது ஃபேனை மட்டும் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள்.

ஈரமான இடம் என்பதால் அடாப்டர், பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் கூடாரத்துக்கு வெளியே, தரைக்கு மேலே இருக்கட்டும். விளக்கின் உலோகப் பகுதிக்கு எர்த் இணைப்பு அவசியம்.

அளந்து பாருங்கள்

இரண்டு டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். ஈரப்பதமும் காட்டுவதாக இருக்கட்டும். ஒன்று காற்று நுழையும் சன்னலுக்கு வெளியே. மற்றது செடியின் உச்சி உயரத்தில், விளக்கு வெளிச்சம் நேராகப் படாதபடி சிறு மறைப்புடன். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எண்களைக் கால்க்கில் ஏற்றுங்கள். வித்தியாசத்தைத் தனிக் காலத்தில் கழித்துப் போடுங்கள். எண்களைத் தேர்வு செய்து இன்சர்ட் மெனுவில் சார்ட் கொடுத்தால் கிராஃப் வரும்.

கிராஃபைப் படிப்பது எளிது. விளக்கு எரியும்போது எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் மாறாமல் இருந்தும் கூடாரம் சூடாக இருந்தால், அறைதான் சூடு. ஃபேனை மாற்றிப் பயனில்லை. அதே விளக்கு, அதே ஃபேன் இருந்தும் வித்தியாசம் வாரத்துக்கு வாரம் ஏறினால், வலையில் தூசி அடைத்திருக்கிறது அல்லது ஃபேன் களைத்துவிட்டது. வித்தியாசம் குறைவாக இருந்து ஈரப்பதம் 90-ஐத் தொட்டால், ஃபேன் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது. வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாக ஒன்று. கூடாரத்திலிருந்து வெளியேறும் காற்று ஈரமானது. அதைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் விடாதீர்கள். குழாய் வைத்துச் சன்னல் வழியாக வெளியே அனுப்புங்கள். நாற்றுக்கு நல்லது செய்யப் போய் மதர்போர்டில் பச்சை பிடிக்க வேண்டாம்!