பெட்டிக் கால்வாய்க்கு அடியில் என்ன போடுவது?

சாலைக்கு அடியில் மழைநீரைக் கொண்டு செல்லும் கான்கிரீட் பெட்டிக் கால்வாயைக் குத்தகையாளர்கள் ‘பாக்ஸ் கல்வெர்ட்’ என்பார்கள். அதைப் புதைத்த சில ஆண்டுகளில் மேலே சாலை பள்ளமாகிவிட்டால், கான்கிரீட்டின் பாரம் தாங்காமல் மண் அமிழ்ந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது காரணமல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உட்புறம் 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், சுவரின் தடிப்பு 20 சென்டிமீட்டர். இத்தகைய பெட்டி, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 4.2 டன் எடை இருக்கும். முழுக்க நீர் நிரம்பினாலும் 8.2 டன்தான். அதை வைக்கத் தோண்டியெடுத்த களிமண்ணோ, கனமீட்டருக்கு 1.6 டன் என்று கொண்டாலும், 9.2 டன். ஆக, முன்பைவிடப் பாரம் குறைந்துதான் போகிறது. சாலையை உயர்த்த மேலே புதிதாகக் கொட்டும் மண்தான் அதைக் கூட்டுகிறது. அடித்தளத்தின் முதல் வேலை, பெட்டி எல்லா இடத்திலும் சமமாக உட்கார வழி செய்வதே.

கிள்ளான் கடலோரத்திலும் சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்திலும் இருப்பது மென்மையான கடற்களிமண். சிங்கப்பூரில் சில இடங்களில் அது 30 மீட்டருக்கும் மேல் ஆழம். தோண்டிய குழியில் ஆட்கள் மிதித்து நடந்தாலே அது சேறாகி, இருக்கும் சிறிது வலுவையும் இழந்துவிடும். அதனால்தான் தோண்டிய அன்றே 5 முதல் 7.5 சென்டிமீட்டர் தடிப்பில், சிமெண்டு குறைந்த ‘லீன் கான்கிரீட்’ ஊற்றிவிட வேண்டும். கால் புதையும் சேறு என்றால் முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் உடைத்த கருங்கல், பிறகு கான்கிரீட்.

மணல் மலிவு, சமன் செய்வதும் எளிது. உலர்ந்த நிலத்தில் அதில் குறை சொல்ல முடியாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடத்தில் கதை வேறு. பெட்டிகளின் இணைப்பு கசியத் தொடங்கினால், அந்த வழியாகவே மணல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கழுவப்பட்டு ஓடிவிடும். மேலே தார் நன்றாகவே இருக்கும், அடியில் பொந்து. கனத்த மழைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர் அதில் விழும்போதுதான் விஷயம் தெரியவரும். துணி விரிக்காமல் கொட்டிய கருங்கல்லுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதன் இடைவெளிகளில் நீர் பெட்டிக்கு அடியிலேயே ஓடி, மண்ணை அரித்துச் செல்லும். அதைத் தடுக்கக் கால்வாயின் இரு முனைகளிலும் தரைக்குக் கீழே ஒரு கான்கிரீட் சுவர் இறக்குவார்கள்.

தொழிற்சாலையில் வார்த்த பெட்டியைக் காய்ந்த கான்கிரீட்டின்மேல் நேரடியாக இறக்குவதும் சரியல்ல. மேடுகள் இருந்தால் அவற்றின்மேல் மட்டும் உட்கார்ந்து வெடித்துவிடும். இடையில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் மணல்-சிமெண்டுக் கலவை போதும்.

சிலர் பயந்துபோய்ப் பெட்டிக்கு அடியில் ஆழமான கான்கிரீட் தூண்களை அடித்துவிடுகிறார்கள். பெட்டி அசையாது, இருபுறமும் சாலை அமிழும். கடலோரச் சாலைகளில் கார் ‘திடும்’ என்று ஏறி இறங்கும் இடங்களில் சில, இப்படி உண்டானவைதாம். உயரமாக மண் கொட்ட வேண்டிய இடத்தில், அதை முன்கூட்டியே கொட்டிச் சில மாதங்கள் அமிழவிட்டு, பிறகு தோண்டிப் பெட்டியை இறக்குவது நல்லது. குத்தகைத் தவணை அதற்கு இடம் கொடுப்பதுதான் அபூர்வம்.