சூடானதும் நின்றுபோகும் வண்டி: ஆறுவதற்குள் பாருங்கள்

காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, மேட்டுப் பாதையில் நாலைந்து மைல் போனதும் படக்கென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். கராஜில் காட்டினால், "ஒரு பழுதும் இல்லையே" என்பார் பாஸ். அதன்பிறகு ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றுவார்கள். காசு போகும், பழுது போகாது.

பகலில் நின்றால் சில்லறைத் தொல்லை. ராத்திரியில் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது நின்றால்? ஆகவே வேன், முச்சக்கர வண்டி வைத்திருக்கும் தம்பிமார் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எஞ்சின் ஓட மூன்று காரியம் தேவை: பெற்றோலும் காற்றும் சரியான அளவில், பிளக்கில் நெருப்புப் பொறி, உள்ளே அமுக்கம். சூட்டில் இவற்றில் எது குறைகிறது என்பது வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில்தான் தெரியும். காய்ச்சல் அடிக்கும்போது பார்த்தால்தானே காய்ச்சல் தெரியும்!

1. முதலில் சூடு. ரேடியேட்டர் உள்ள வண்டியில் சூட்டு முள் மேலே ஏறியிருந்தால் தண்ணீர்க் குறைவு, ஒழுக்கு, விசிறிப் பழுது இருக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். காற்றால் ஆறும் முச்சக்கர வண்டி எஞ்சினில், தகடுகளுக்கு இடையே சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

2. பெற்றோல் டேங்க் மூடி. மெல்லத் திறக்கும்போது காற்றை உள்ளே இழுக்கும் "உஸ்" சத்தம் வந்து, பிறகு வண்டி ஓடினால், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. பெற்றோல் குறையக் குறைய காற்று உள்ளே போகாததால் பெற்றோல் இறங்காது. துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை.

3. பொறி. பழைய பிளக் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். வயரை அதில் மாட்டி, பிளக்கின் இரும்பு எஞ்சினில் படும்படி வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலப் பொறி பலமாக வந்தால் நல்லது. வராவிட்டால் கொயில் மேல் சந்தேகம். அதற்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி சூட்டில் விலகி, ஆறினதும் சேர்ந்துகொள்ளும். சீடிஐ பெட்டியும், பழைய கார்களில் கொண்டென்சரும் இதே மாதிரி ஏமாற்றும்.

4. பெற்றோல் கூடுவது. சோக் முழுதாகத் திரும்பாவிட்டால் குளிரில் நன்றாக ஓடும் வண்டி, சூடானதும் கறுப்புப் புகை விட்டுத் திணறி நிற்கும். பிளக் கறுத்து ஈரமாக இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் செட் பண்ணின காபரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடத்தான் கொடுக்கும்.

5. அமுக்கம். பொறியும் பெற்றோலும் சரி, ஆனால் ஸ்டார்ட் அடிக்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறதா? வால்வ் இடைவெளி இறுக்கமாக இருந்தால், சூட்டில் நீண்டு முழுதாக மூடாது. இது பாஸ் பார்க்க வேண்டிய வேலை.

கம்ப்யூட்டர் உள்ள புதிய கார்களில் வயரையும் பெற்றோல் குழாயையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். அவற்றில் கிராங் சென்சர் சூட்டில் கைவிடுவது உண்டு. ஸ்கேன் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பதற வேண்டாம். பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் ஒன்றிரண்டு மிதிக்குமேல் பிரேக் இறுகிவிடும். விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்தி ஓரமாக நிறுத்துங்கள். சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

எத்தனை மைலில் நின்றது, மேடா இறக்கமா, பொறி இருந்ததா, எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று துண்டுத் தாளில் எழுதி பாஸிடம் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பழுது தீரும்வரை அந்த வண்டியில் நோயாளியை ஏற்ற வேண்டாம். லயத்தில் உள்ளவர்களிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.